முள்ளோடைக்குப் போய் பெட்ரோல் போடுவது லாபமா?

கடலூரில் பெட்ரோல் விலையைப் பற்றி வாயைத் திறந்தால் போதும், எதிரில் இருப்பவர் உடனே "முள்ளோடையில போட்டுட்டு வந்துட வேண்டியதுதானே" என்பார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மஞ்சக்குப்பத்திலிருந்து ஆல்பேட்டை செக்போஸ்ட் தாண்டி, பெண்ணையாற்றுப் பாலம் ஏறி, ரெட்டிச்சாவடி வழியாகப் பாண்டி ரோட்டில் சுமார் பத்து கிலோமீட்டர் போனால் முள்ளோடை. அங்கிருந்து புதுச்சேரி எல்லை. எல்லையைத் தாண்டியதும் முதலில் கண்ணில் படுவது இரண்டு வகைக் கடைகள். ஒன்று பெட்ரோல் பங்க். இன்னொன்றை நான் சொல்ல வேண்டியதில்லை.

விலை வித்தியாசத்துக்குக் காரணம் வரி. தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு 13 சதவீதம் வாட், அதற்கு மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. 2021 ஆகஸ்ட் பட்ஜெட்டில் 3 ரூபாய் குறைத்த பிறகு வந்த கணக்கு இது. அதே ஆண்டு தீபாவளிக்கு மத்திய அரசு கலால் வரியில் 5 ரூபாய் குறைத்தபோது, புதுச்சேரி தன் வாட் வரியையும் சேர்த்துக் குறைத்தது. நாம் ஏற்கெனவே குறைத்துவிட்டோம் என்று இருந்துவிட்டோம். அன்றிலிருந்து எல்லைக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் மலிவு. கடைசியாக நான் கணக்குப் போட்டபோது லிட்டருக்கு ஏறத்தாழ 6 ரூபாய் வித்தியாசம் இருந்தது. இந்தப் பதிவு முழுக்க அந்த ஆறு ரூபாயை வைத்தே பேசுகிறேன்.

நான் மெடிக்கல் ரெப். கடலூர்தான் ஹெட்குவார்ட்டர். பண்ருட்டி, நெய்வேலி, வடலூர், சிதம்பரம், விருத்தாசலம் எல்லாம் என் ஏரியா. வண்டி பழைய ஸ்ப்ளெண்டர், பிஎஸ்-6 புகை விதி வருவதற்கு முந்தைய கார்புரேட்டர் மாடல். எங்கள் தொழிலில் வெளியூர் போனால் கம்பெனி கிலோமீட்டர் கணக்கில் காசு தரும். எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு பட்டியல் உண்டு, அதற்கு மேல் ஒரு பைசா கிடைக்காது. ஹெட்குவார்ட்டரில் வேலை செய்யும் நாளில் தினப்படி மட்டும்தான். டவுனுக்குள் எவ்வளவு சுற்றினாலும் அது நம் பாக்கெட். சென்னையிலேயே பெட்ரோல் நூறைத் தாண்டியது 2021 ஜூலையில். எங்கள் கிலோமீட்டர் காசு அதற்கு முன்பு எவ்வளவோ, அதற்குப் பிறகும் வெகுகாலம் அவ்வளவே. அதனால் பெட்ரோலில் மிச்சம் பிடிப்பது எனக்குப் பொழுதுபோக்கு இல்லை. மாதக் கடைசியில் கையில் நிற்கும் காசு அது.

சரி, முள்ளோடைக்கு வருவோம். என் வண்டியில் ரிசர்வுக்குப் பக்கத்தில் வந்ததும் போய் நிரப்பினால் எட்டு லிட்டர் பிடிக்கும். எட்டாறு நாற்பத்தெட்டு ரூபாய் லாபம். போக வர இருபது கிலோமீட்டர். லிட்டருக்கு 55 கொடுக்கிறது என்று வைத்தால், அதற்கே 35 ரூபாய் பெட்ரோல் எரிந்துவிடும். மிச்சம் 13 ரூபாய். முக்கால் மணி நேரம் போனது தனி. வழியில் ரெட்டிச்சாவடியில் வண்டியை நிறுத்தி ஒரு டீயும் வடையும் சாப்பிட்டால் கணக்கு கடனில் போய் நிற்கும். பாதி டேங்க் காலியாக இருக்கும்போதே போனால் லாபம் 24, செலவு 35, கையிலிருந்து 11 ரூபாய் நஷ்டம். காருக்கு முப்பது லிட்டர் போட்டால் 180 ரூபாய் வித்தியாசம் வருமே என்பார்கள். பதினைந்து கிலோமீட்டர் கொடுக்கும் காருக்கு அந்த இருபது கிலோமீட்டருக்கு 130 ரூபாய் ஆகும். ஐம்பது ரூபாய்க்காக ஒரு காரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டுவதா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

பாண்டிக்கு எப்படியும் போகிற வேலை இருந்தால் மட்டும் ஆறு ரூபாயும் முழுசாக நமக்கு. பாண்டியில் வேலை பார்க்கும் கடலூர்க்காரர்கள் பாக்கியசாலிகள். எனக்கும் ஜிப்மரில் உறவினர் யாராவது படுத்திருந்தால் வரும்போது டேங்க் நிரம்பும். கேனில் வாங்கி வந்து வீட்டில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆறு ரூபாய்க்காக அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் பெட்ரோலை வைக்கும் தைரியம் எனக்கு வராது.

முள்ளோடை யோசனைக்கு அடுத்தபடியாக எனக்குக் கிடைக்கும் இலவச ஆலோசனைகள் மூன்று. நூறு ரூபாய்க்குப் போடாதே, நூற்றுப்பத்துக்குப் போடு. விடியற்காலையில் போடு. பவர் பெட்ரோல் போடு.

நூற்றுப்பத்து ரூபாய் விஷயத்தில் ஒன்றும் இல்லை. அளவில் ஏமாற்ற நினைப்பவன் எந்தத் தொகைக்கும் ஏமாற்றலாம். மீட்டரில் பூஜ்ஜியம் வந்ததா என்று பார்த்துவிட்டுப் பைப்பை வைக்கச் சொல்வது அதைவிடப் பலன் தரும். சந்தேகம் வந்தால் ஐந்து லிட்டர் அளவுக்குவளையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். எல்லா பங்கிலும் முத்திரை போட்ட குவளை இருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். ஐந்து லிட்டரில் 25 மில்லி வரை கூடக் குறைய இருக்கலாம், அதற்கு மேல் குறைந்தால் எடையளவுத் துறையில் புகார் கொடுக்கலாம். நான் ஒரு பங்கில் கேட்டுப் பார்த்தேன். கொஞ்சம் முகம் சுளித்தார்கள், ஆனால் பிடித்துக் காட்டினார்கள். அளவு சரியாகவே இருந்தது.

விடியற்காலை விஷயத்தில் பாதி உண்மை. சூட்டில் பெட்ரோல் விரியும், ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு. ஆனால் பங்கில் பெட்ரோல் பூமிக்கு அடியில் டேங்கில் கிடக்கிறது. மேலே வெயில் மண்டையைப் பிளந்தாலும் அடியில் காலைக்கும் மதியத்துக்கும் பெரிய மாற்றம் இருக்காது. எட்டு லிட்டரில் மிச்சமாகும் சொட்டுகளுக்காக ஐந்து மணிக்கு எழுந்திருக்க என்னால் முடியாது.

பவர் பெட்ரோல் என்பது ஆக்டேன் கூடிய பெட்ரோல். அழுத்தம் அதிகமுள்ள எஞ்சின்களில் பெட்ரோல் முன்கூட்டியே வெடித்துவிடாமல் இருக்க அது தேவை. ஸ்ப்ளெண்டருக்குச் சாதாரண பெட்ரோலே போதும். மைலேஜ் கூடும் என்று சொல்லி லிட்டருக்கு ஐந்து, ஏழு ரூபாய் அதிகம் கொடுப்பது முள்ளோடைக்குப் போய்ச் சேர்த்த காசை இங்கே விடுவது போல. சில இடங்களில் "பவர் போடலாமா சார்?" என்று கேட்டுக்கொண்டே பைப்பை வைத்துவிடுவார்கள். "சாதா" என்று முதலில் நாம் சொல்லிவிடுவது நல்லது.

இந்த யோசனைகளை எல்லாம் வடிகட்ட எனக்கு உதவியது ஒரு பழைய டைரிதான். ஸ்டாக்கிஸ்ட் ஒருவர் புத்தாண்டுக்குக் கொடுத்தது. டேங்கை நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொள்வேன். அடுத்த முறை அதே பங்கில், முடிந்தால் அதே பைப்பில், டேங்க் வாயில் அதே மட்டம் வரை நிரப்புவேன். ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுத்தால் மைலேஜ். ஒரு முறை போட்டதை நம்பக் கூடாது, மூன்று நான்கு நிரப்பலின் சராசரியைப் பார்க்க வேண்டும். நூறு ரூபாய், இருநூறு ரூபாய் என்று போடுபவர்களுக்குத் தங்கள் வண்டி என்ன கொடுக்கிறது என்றே தெரியாது. கேட்டால் எல்லோரும் "அறுபது குடுக்குது" என்பார்கள். அது வாங்கும்போது ஷோரூமில் சொன்ன எண்.

டைரியில் மைலேஜ் இறங்கினால் புதுப்பாளையத்தில் இருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் போவேன். பெரும்பாலானவர்கள் அவரிடம் போனதும் "அண்ணே, கார்புரேட்டர டியூன் பண்ணிக் குடுங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் ஒரு சுழற்று சுழற்றுவார். இரண்டு மூன்று சுற்றாவது தானாக ஓடி நிற்க வேண்டும். அரைச் சுற்றில் 'சர்ர்' என்று உரசி நின்றால், "வண்டியே பிரேக்கப் பிடிச்சிக்கிட்டு ஓடுது, இதுல கார்புரேட்டர் என்ன பண்ணும்?" என்பார். பிரேக் கம்பியின் முனையில் இருக்கும் நட்டை இரண்டு திருகு தளர்த்துவார். மறுபடி சுழற்றுவார். மறுபடி அரைத் திருகு. பெடலை மிதித்தால் கொஞ்ச தூரம் சும்மா இறங்கி, அதற்குப் பிறகுதான் பிடிக்க வேண்டும். அடுத்து சங்கிலி. கவரில் இருக்கும் ரப்பர் மூடியை எடுத்துவிட்டு விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பார். விறைப்பாக இருந்தாலும் தப்பு, தொங்கினாலும் தப்பு. அதற்குப் பிறகு காற்று. அதற்குப் பிறகு ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கடைசியாக ப்ளக். முனை இளம்பழுப்பாக இருந்தால் கார்புரேட்டரைத் தொடவே மாட்டார். கரி படிந்திருந்தால்தான் ஸ்க்ரூடிரைவர் எடுப்பார். இவ்வளவுக்கும் அவர் வாங்குவது முள்ளோடைக்கு நாலு தடவை போய் வந்து மிச்சம் பிடிக்கிற காசைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். புது வண்டிகளில் கார்புரேட்டரே இல்லை, பெட்ரோல் ஊற்றுவதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. ஆனால் பிரேக்கும் சங்கிலியும் காற்றும் அவற்றுக்கும் உண்டு.

காற்று பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பங்கில் காற்று இலவசம், அது அவர்கள் கொடுத்தாக வேண்டிய வசதி. "மிஷின் ரிப்பேர்" என்ற அட்டை நிரந்தரமாகத் தொங்கும் பங்குகளும் உண்டு, அங்கே நான் பெட்ரோலும் போடுவதில்லை. மேனேஜர் பின்னால் உட்கார்ந்து வரும் நாட்களில் பின் சக்கரத்துக்குக் கூடுதல் காற்று வேண்டும். எவ்வளவு என்பது வண்டியோடு தந்த புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தைத் திறந்த ரெப் யாரையும் நான் பார்த்ததில்லை.

ஓட்டுகிற விதத்தில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கிளட்சில் விரல் வைத்துக்கொண்டே ஓட்டக் கூடாது, காலை பிரேக் பெடல் மேல் சாய்த்து வைக்கக் கூடாது, ரயில்வே கேட் போட்டிருந்தால் எஞ்சினை அணைக்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேகம் மட்டும் கொஞ்சம் பேச வேண்டிய விஷயம். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காக ஏறுகிறது. சிதம்பரம் 45 கிலோமீட்டர். எழுபதில் போனால் நாற்பது நிமிடம், ஐம்பதில் போனால் ஐம்பத்தைந்து நிமிடம், இது காகிதக் கணக்கு. எழுபதில் என் வண்டி ஐம்பதுக்குக் கீழே இறங்கும், ஐம்பதில் அறுபதைத் தொடும். ஒரு வழிக்குப் பதினைந்து ரூபாய் மிச்சம். பதினைந்து நிமிடத்துக்குப் பதினைந்து ரூபாய். அந்தப் பதினைந்து நிமிடத்தை முன்னால் போய் என்ன செய்யப் போகிறேன்? டாக்டர் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்காரப் போகிறேன். எங்களைப் பேஷண்ட் எல்லாம் முடிந்த பிறகுதான் கூப்பிடுவார்கள்.

சிதம்பரத்துக்கு இப்போது பல நாள் வண்டியிலேயே போவதில்லை. கோயிலைச் சுற்றி நான்கு வீதிகள், என் டாக்டர்களில் பாதிப் பேர் அங்கேயே. திருப்பாதிரிப்புலியூரில் பாசஞ்சர் ரயில் நேரம் ஒத்து வந்தால் டிக்கெட், பெட்ரோல் செலவில் கால் பங்குகூட வராது. பையை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த வாரத்து ரிப்போர்ட் வேலையையும் முடித்துவிடலாம். அண்ணாமலை நகர்ப் பக்கம் போக வேண்டிய நாளில் மட்டும் வண்டி.

டைரியில் பார்த்தால் இத்தனையிலும் பெரிய மிச்சம் வந்தது டூர் பிளானில்தான். முன்பு பண்ருட்டிக்கு ஒரு நாள், நெய்வேலிக்கு ஒரு நாள் என்று போய் வருவோம். பண்ருட்டி போக வர ஐம்பது, நெய்வேலி போக வர எண்பதுக்குக் கிட்டே. இப்போது காலையில் பண்ருட்டி அரசு மருத்துவமனை ஓ.பி.யைப் பார்த்துவிட்டு, அப்படியே நெய்வேலி, வடலூர் என்று இறங்கி, மாலையில் குறிஞ்சிப்பாடி கிளினிக்குகளை முடித்துக்கொண்டு கடலூர் திரும்புகிறேன். ஒரே வளையம். முப்பது கிலோமீட்டருக்கு மேல் மிச்சம். பண்ருட்டி முதல் வடலூர் வரை அந்த விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலையில் நாற்கர வேலை வருடக்கணக்கில் இழுத்த காலத்தில், பள்ளத்திலும் புழுதியிலும் முதல் கியர், இரண்டாம் கியர் என்று உறுமிக்கொண்டு போனது தனிக் கதை. அந்தச் சாலையை வாரத்துக்கு ஒரு தடவை குறைத்ததே பெரிய நிம்மதி.

"கிலோமீட்டர் குறைஞ்சா கம்பெனி தர்ற காசும் குறையுமே" என்று கூட்டாளி ரெப்கள் கேட்பார்கள். குறையும்தான். ஆனால் பெட்ரோல், ஆயில், டயர், சங்கிலி செட் எல்லாம் சேர்த்தால் அந்தக் கிலோமீட்டர் காசில் மிஞ்சுவது எதுவும் இல்லை என்பதை டைரி சொல்கிறது. அப்புறம், மிச்சமான நாளை ஹெட்குவார்ட்டரில் வேலை செய்கிறேன். அங்கேதான் உண்மையான ஓட்டை. ஓ.டி. என்கிற முதுநகரில் ஒரு டாக்டர், அடுத்து மஞ்சக்குப்பத்தில் ஒரு டாக்டர், மறுபடி ஓ.டி.யில் ஒரு கெமிஸ்ட் ஆர்டர் என்று குறுக்கும் நெடுக்கும் போனால் லாரன்ஸ் ரோட்டு நெரிசலிலேயே வண்டி பெட்ரோலைக் குடிக்கும். முதுநகர் ஒரு நாள், என்.டி. என்கிற புதுநகர் ஒரு நாள் என்று பிரித்தேன். கெமிஸ்ட் ஆர்டரைப் போனில் கேட்டுக்கொள்கிறேன். மஞ்சக்குப்பத்தில் வண்டியை ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டு நாலைந்து கிளினிக்குகளுக்கு நடந்தே போகிறேன். கம்பெனி காசு தராத கிலோமீட்டரைக் குறைப்பதுதான் முழு லாபம்.

வீட்டில் இந்த டைரிக்கு மரியாதை கிடையாது. 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. என் மனைவி வேலைக்கும், நெல்லிக்குப்பத்தில் அம்மா வீட்டுக்கும் அதில்தான் போய் வருகிறாள். அவளுடைய ஸ்கூட்டி மழைக்கு ஒதுங்கிய மாதிரி வாசலில் நிற்கிறது. "நீங்க நோட்டுல எழுதி எழுதி மிச்சம் பிடிக்கிறத நான் எழுதாமலே பிடிக்கிறேன்" என்கிறாள். கூட்டிப் பார்த்தேன். சொல்வது சரிதான்.

ஒன்று மட்டும் என் கையில் இல்லை. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. பழைய கலவைக்கென்று செய்த இருசக்கர வண்டிகளில் மைலேஜ் 3, 4 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021 அறிக்கையிலேயே சொல்லியிருக்கிறார்கள். என் டைரியிலும் 58-ஐ ஒட்டி இருந்தது 55-க்கு வந்திருக்கிறது. வண்டிக்கும் வயதாகிறது, எது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. மைலேஜ் குறைந்தது போல லிட்டர் விலை குறையவில்லை என்பது மட்டும் தெளிவு. கடலூர் மாதிரி ஐப்பசி, கார்த்திகையில் மூழ்கி எழும் ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு. எத்தனால் தண்ணீரை இழுக்கும். டேங்க் மூடி ரப்பர் வெடித்திருந்தால் மழைநீர் உள்ளே இறங்கி, எத்தனாலோடு சேர்ந்து அடியில் தங்கி, நடுவழியில் வண்டி திக்கும். சில்லறைக் காசில் கிடைக்கும் அந்த ரப்பரை ஆடி முடிவதற்குள் மாற்றிவிடுங்கள். வண்டியை மழையில் நிறுத்தினால் மூடிக்கு மேல் ஒரு பாலிதீன் பையைச் சொருகிவிடலாம், மருந்து சாம்பிள் வந்த பையே போதும்.

அடுத்த மாத டூர் பிளானை இந்த வாரத்துக்குள் போட்டாக வேண்டும். குறிஞ்சிப்பாடியில் ஒரு டாக்டர் வியாழக்கிழமை ரெப்களைப் பார்ப்பதில்லை என்று போர்டு மாட்டிவிட்டார், இனி செவ்வாய் மட்டும்தானாம். செவ்வாயோ விருத்தாசலத்துக்குப் போகும் நாள். அவரை விருத்தாசலத்திலிருந்து திரும்பும் வழியில் போட்டால் கிளினிக் மூடுவதற்குள் வந்து சேர முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.